இளவரசன் குண்டான கதை: பழைய கேமுக்கு எந்த ஓ.எஸ்.?

போன வருஷம் மே மாசம் அக்கா சேலத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறியவள், கையில் ஒரு சிடி உறையோடு இறங்கினாள். கறுப்பு ரெக்ஸின் உறை, ஜிப் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நாற்பது சிடி இருக்கும். பெரும்பாலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியவை. ஐந்தாறுதான் அச்சடித்த ஒரிஜினல், அதுவும் மார்க்குக்குப் பரிசாக வந்தவை.

"டேய், அந்த பிரின்ஸ் இதுல இருக்குமா? இப்பவும் ஓடுமாடா?"

"சாயங்காலம் போட்டுத் தர்றேன்" என்றேன். ஆபீசில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தைரியம். சொன்ன சாயங்காலம் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் வந்தது. நடுவில் இரண்டரை மாசம், ஒரு பழைய மதர்போர்டு, நாலு ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்), வீட்டில் கொஞ்சம் திட்டு.

அன்றைக்கு நடந்தது இதுதான். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11. அதில் சிடி டிரைவ் கிடையாது என்பதால் யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து மூன்று கேம்களை முயன்றேன். மூன்றும் ஓடவில்லை, மூன்றும் மூன்று விதமாக ஓடவில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1990-ல், விண்டோஸுக்கு முந்தைய ஓ.எஸ். ஆன டாஸுக்கு வந்தது. இரண்டு முறை க்ளிக் செய்ததும் 'இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று ஒரு நீலப் பெட்டி. நீட் ஃபார் ஸ்பீட் 3, 1998-ல் வந்தது. அதற்கும் இன்ஸ்டால் செய்யும்போதே அதே பெட்டி. மூன்றாவது வைஸ் சிட்டி, 2003. அது ஒழுங்காக இன்ஸ்டால் ஆனது, டெஸ்க்டாப்பில் ஐகான் வந்தது. க்ளிக் செய்தால் வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. உண்மையில் இப்படிச் சத்தமே இல்லாமல் படுக்கிற கேம்தான் ஆளைக் கொல்லும்.

அப்போது எனக்கு மூன்றும் ஒரே வியாதியாகத் தெரிந்தன: 'கேம் பழசு, விண்டோஸ் புதுசு.' அதனால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைத்தேன். பழைய விண்டோஸைப் போட்டால் போச்சு. இந்த ஒரு நினைப்புதான் இரண்டரை மாசத்தைச் சாப்பிட்டது.

காரணங்கள் பிறகுதான் தெரிந்தன, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ் விண்டோஸ் புரோகிராமே இல்லை. அது டாஸில் 16-பிட்டில் (இந்த எண் குறையக் குறையப் பழைய முறை) எழுதியது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராமை ஓட்டுகிற பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பும் கிடையாது. எந்த செட்டிங்கைத் தட்டினாலும் நடக்காது. நீட் ஃபார் ஸ்பீட் 3 கதை வேறு. கேம் 32-பிட்தான், அதை இன்ஸ்டால் செய்கிற புரோகிராம் மட்டும் 16-பிட். வீடு நன்றாக இருக்கிறது, வாசல்கதவு மட்டும் திறக்கவில்லை என்கிற மாதிரி. தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்த எத்தனையோ கேம்களுக்கு இதே கதைதான். வைஸ் சிட்டிக்கு இரண்டுமே பிரச்சினை இல்லை. அதன் ஒரிஜினல் சிடியில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டு விண்டோஸுக்குள் ஒரு டிரைவரை, அதாவது ஓ.எஸ்.ஸோடு சேர்ந்து ஓடி சாதனங்களோடு பேசும் குட்டி மென்பொருளை, நம்பியிருந்தது. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-லிருந்து அதை ஏற்பதே இல்லை. 2015 செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட், விஸ்டாவிலும் 7-லும் 8-லும் கூட அதை அணைத்துவிட்டது. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவன் கேம் ஓடாது, பூட்டை உடைத்த திருட்டு சிடி வாங்கியவன் கேம் ஓடும். எங்கே போய்ச் சொல்வது?

முதலில் செய்ய வேண்டிய வேலையை நான் மூன்றாவதாகத்தான் செய்தேன்: சிடிகளைக் காப்பி எடுப்பது. வீட்டில் எழுதிய சிடிகளின் மேல்பூச்சு உரியத் தொடங்கிவிட்டது. நாற்பதில் பதினொன்றைப் படிக்கவே முடியவில்லை. அச்சடித்த சிடி எல்லாம் பிழைத்தது. காப்பி எடுக்கும்போது நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஐ.எஸ்.ஓ. ஃபைலாக எடுத்து வைத்தேன். அந்தக் காலத்து கேம் பலவற்றில் முதல் டிராக்கில்தான் கேம் இருக்கும், இரண்டாவது டிராக்கிலிருந்து பாட்டு சிடி மாதிரியே இசை இருக்கும். டேப் ரெக்கார்டர் பக்கத்தில் இருந்த சிடி பிளேயரில் போட்டால் அப்படியே பாடும். ஐ.எஸ்.ஓ. முதல் டிராக்கை மட்டும்தான் எடுக்கும், மீதி போச்சு. ஹாஃப்-லைஃப் என்ற கேம் இசையே இல்லாமல் ஓடியபோதுதான் விஷயம் புரிந்தது. மறுபடி எல்லாவற்றையும் பின்-கியூ என்கிற ஜோடி ஃபைலாக எடுத்தேன். நீங்கள் காப்பி எடுத்தால் முதலிலேயே அப்படி எடுங்கள்.

சரி, விண்டோஸ் 98 கதைக்கு வருகிறேன்.

எங்கள் முதல் கம்ப்யூட்டர் 2000-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. செலரான், 64 எம்.பி. ரேம், விண்டோஸ் 98. கரண்ட் போய் வந்தால் 'நீ ஒழுங்காக ஷட் டவுன் செய்யவில்லை' என்று நம்மையே குற்றம் சொல்லி, நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடும். திருச்சியில் அப்போது கரண்ட் போகாத நாள் எது? அக்காவும் நானும் அந்த மஞ்சள் கட்டங்கள் நிறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பெட்டி என்றைக்கோ எடைக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்து வாங்கிய பென்டியம் 4 மட்டும் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. திறந்து பார்த்தால் பிராசசருக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, ஒன்று காவி நிறத்தில் கசிந்தும் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளைப் பிடித்த வியாதி அது. பழைய போர்டு வாங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த டப்பாக்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபீஸ் வேலையாகச் சென்னை போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். 'தொண்ணூத்தெட்டா? அது எதுக்கு சார்?' என்று நாலு கடையில் சிரித்தார்கள். ஐந்தாவது கடையில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்டெல் 865 சிப்செட் போர்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்து, "இதுக்கு அப்புறம் வந்ததுல தொண்ணூத்தெட்டுக்கு டிரைவர் தேடாதீங்க தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியம், நான் நாலு நாள் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அதிகம். ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5200 கார்டு ஒன்றையும் அவரே கொடுத்தார். என்விடியா விண்டோஸ் 98-க்குக் கடைசியாக டிரைவர் கொடுத்தது அதற்கு அடுத்த 6000 வரிசை வரைக்கும்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு 512 எம்.பி. ரேமை மாட்டினேன். மொத்தம் 1 ஜி.பி. அப்போது கனவில்கூட இல்லாத அளவு. விண்டோஸ் 98 இன்ஸ்டால் ஆகி, முதல் ரீஸ்டார்ட்டில் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: விண்டோஸைத் தொடங்க மெமரி போதவில்லை.

போதவில்லையாம்! 64 எம்.பி.யில் ஓடிய சாமான் 1 ஜி.பி.யைப் பார்த்துப் போதவில்லை என்கிறது. ரேம் கெட்டுப்போயிருக்கும் என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் இருந்தால் ஓடும். எது இருந்தாலும் ஓடும். இரண்டும் சேர்ந்தால் போதாது! பிறகுதான் தெரிந்தது. ஃபைல்களைத் தற்காலிகமாக வைக்கிற கேஷுக்கு விண்டோஸ் 98 ரேமின் அளவைப் பார்த்து இடம் ஒதுக்கும். 512 எம்.பி.க்கு மேல் போனால் அந்த ஒதுக்கீடே எல்லா முகவரிகளையும் விழுங்கிவிட்டு, மற்றதற்கு இடமில்லாமல் செய்துவிடும். சிஸ்டம்.ஐ.என்.ஐ. ஃபைலில் வீகேஷ் என்ற பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று ஒரு உச்சவரம்பை எழுதி வைத்தால் தீரும். நான் அதையும் செய்யவில்லை. ஒரு ரேமைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அப்புறம் டிரைவர் படலம். டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துப் போனால் பென் டிரைவையே தெரியவில்லை. பென் டிரைவைத் தெரிந்துகொள்ள ஒரு டிரைவர் வேண்டும், அதைக் கொண்டுபோக ஒரு சிடி எழுத வேண்டும். 160 ஜி.பி. டிஸ்க் ஒன்று சும்மா கிடந்தது, அதைப் போடலாம் என்றிருந்தேன். நல்ல வேளை போடவில்லை. 128 ஜி.பி.க்கு மேல் உள்ள பகுதியில் விண்டோஸ் 98 எழுதப் போனால், சுற்றிவந்து டிஸ்கின் ஆரம்பத்திலேயே எழுதி எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். பழைய 40 ஜி.பி. போதும்.

இரண்டு வாரக் கடைசிகள் இப்படிப் போன பிறகு ஹாஃப்-லைஃப் இசையோடு ஓடியது. அதுவும் எப்படி? இசை வரவில்லை என்று மறுபடி ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் சிடி டிரைவுக்குப் பின்னால் இருக்கும் நாலு முள் சாக்கெட்டைப் பார்த்தேன். அங்கிருந்து சவுண்டுக்குப் போகும் சன்னமான ஒயர் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெட்டி கட்டிக் கொடுத்தவர்கள் பேசாமல் மாட்டிவிட்டுப் போவார்கள். நமக்கு அது இருப்பதே தெரியாது.

நீட் ஃபார் ஸ்பீடும் ஓடியது. பிரின்ஸ்? ஓடியது, ஆனால் பீப் பீப் என்று பி.சி. ஸ்பீக்கர் சத்தம் மட்டும். அந்த போர்டில் உள்ள சவுண்ட் சிப், டாஸ் கேம்கள் எதிர்பார்க்கிற சவுண்ட் பிளாஸ்டர் என்ற அந்தக் காலத்து சவுண்ட் கார்டு இல்லை. அக்காவுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். "இதுவா அது? எலி கத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

என் தீர்ப்பு: ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதே உங்களுக்குச் சந்தோஷம் என்றால் விண்டோஸ் 98 போடுங்கள். கேம் ஆடுவதுதான் சந்தோஷம் என்றால் வேண்டாம்.

அதே பெட்டியில் அடுத்து எக்ஸ்பி போட்டேன். டிராயரில் இருந்த ரேமையும் எடுத்து மாட்டியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்வதா, கோபம் தீரவில்லை என்று சொல்வதா தெரியவில்லை. எக்ஸ்பி அரை நாளில் முடிந்தது. 2001-லிருந்து விஸ்டா வருகிற வரை வந்த கேம்களுக்கு இது பிறந்த வீடு மாதிரி. வைஸ் சிட்டி ஒரிஜினல் சிடியைப் போட்டதும், எதையும் கேட்காமல் ஓடியது. சேஃப்டிஸ்க் எக்ஸ்பியில் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. 2015-ல் பூட்டை அணைக்க வந்த அப்டேட் அங்கே வரவே இல்லை. நிறுத்திவிட்டுப் போனதே நமக்கு நல்லதாகிவிட்டது. ஆனால் அதே காரணத்தால் அந்தப் பெட்டியை நான் நெட்டில் இணைப்பதே இல்லை. லேன் ஒயர் போர்டில் குத்தாமல் சுவரில் தொங்குகிறது. எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இதில் மட்டும் சோம்பேறித்தனம் காட்டாதீர்கள்.

எக்ஸ்பியை ஒரேயடியாகக் கழற்றிவிட முடியாததற்கு இன்னொரு காரணம் சத்தம். பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு ஒன்றை நண்பன் கொடுத்தான். அதைச் செருகி, ஹாஃப்-லைஃபில் இடத்துக்கு ஏற்ற எதிரொலி தரும் இ.ஏ.எக்ஸ். என்ற வசதியைப் போட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போனோடு உட்கார்ந்தேன். காற்றோட்டக் குழாய்க்குள் தவழும்போது தகரம் நம் காதுக்குப் பக்கத்தில் அதிர்கிறது. பெரிய கூடத்துக்குள் வந்ததும் அதே காலடிச் சத்தம் தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. இந்தக் கணக்கை எல்லாம் சவுண்ட் கார்டே போடும். விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. அதே கேமை விண்டோஸ் 11-ல் போட்டால் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் எல்லா அறையும் ஒரே அறை மாதிரி கேட்கும். இதைத் திருப்பிக் கொண்டுவர மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் கார்டில் கேட்ட காதுக்கு எனக்கு அது ஒட்டவில்லை.

எக்ஸ்பியை லேப்டாப்பில் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. என் நண்பன் 2009 வாக்கில் வாங்கிய லேப்டாப்பில் முயன்று, ஒவ்வொரு முறையும் நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கைவிட்டான். ஹார்ட் டிஸ்கோடு பேசுகிற புதிய முறை எக்ஸ்பிக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓ.எஸ். தொடங்கும் முன்பே திறக்கிற பயாஸ் செட்டிங்கில் போய் ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருப்பதை ஐ.டி.இ. என்று மாற்றியதும் இன்ஸ்டால் ஆகிவிட்டது. அந்த மாற்றுகிற வசதியே இல்லாத லேப்டாப்பும் உண்டு. அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

விண்டோஸ் 7 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 32-பிட் 7 என்றால் 16-பிட் இன்ஸ்டாலர் ஓடும், அது ஒரு லாபம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகத்தை அதில் போட்டபோது புல்வெளி ஊதா நிறத்தில், தண்ணீர் சிவப்பாக வந்தது. 256 நிறத்தில் எழுதிய கேம் அது. தனக்கென்று ஒரு வண்ணப்பட்டியலை வைத்துக்கொண்டு வரும். அதே நேரத்தில் டெஸ்க்டாப்பை வரைகிற எக்ஸ்ப்ளோரர் தன் பட்டியலைத் திணிக்கும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரைக் கொன்றுவிட்டு ஆடினால் புல் பச்சையாகிவிடும். ஆடி முடித்ததும் உயிர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொன்று பிழைக்கவைக்கிற வேலை எனக்குச் சரிப்படவில்லை. இன்றைய விண்டோஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சி.என்.சி.-டிடிரா, டிஜிவூடூ என்று சின்ன ஃபைல்கள், ரசிகர்களே எழுதியவை. கேம் ஃபோல்டரில் போட்டுவிட்டால் பழைய கிராஃபிக்ஸ் அழைப்புகளை இன்றைய கார்டுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கும். நிறமும் சரியாகும், ஜன்னலிலும் ஓடும். கேம் தொடங்கும்போது டைரக்ட்பிளே என்ற பழைய விண்டோஸ் பகுதி வேண்டும் என்று கேட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அதை டிக் செய்துவிடுங்கள்; வைத்திருக்கிறார்கள், அணைத்து வைத்திருக்கிறார்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் ஒரு போலிக் கம்ப்யூட்டருக்குள், எக்ஸ்பி போட்டும் பார்த்தேன். சீட்டு, சதுரங்கம், பழைய இரு பரிமாண வியூக கேம்களுக்கு அது போதும். முப்பரிமாண கார் என்றால் நத்தை.

லினக்ஸ் பக்கம் நான் தானாகப் போகவில்லை. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணே, வைன்ல போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டான். விண்டோஸ் கேமை விண்டோஸிலேயே ஓட்ட முடியாதவன் லினக்ஸில் ஓட்டப் போகிறானா என்று எனக்குச் சிரிப்பு. பையன் விடவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், அவனுடைய லேப்டாப்பில், லினக்ஸ் மின்ட்டில், என் பென் டிரைவில் இருந்த நீட் ஃபார் ஸ்பீட் 3 செட்டப் ஃபைலைத் தட்டினான்.

நீலப் பின்னணியில் அந்தப் பழைய இன்ஸ்டால் திரை எழும்பி வந்தது. 64-பிட் லினக்ஸ் அது! விண்டோஸ் 11 தொடவே மாட்டேன் என்ற அதே 16-பிட் இன்ஸ்டாலர், சதவீதம் ஏறி நூறு வந்து, 'முடிந்தது' என்றது. கையில் தயிர்சாத டப்பாவோடு நான் அப்படியே நின்றேன்.

வைன் 1993-ல் தொடங்கிய திட்டம். அது விண்டோஸைப் போல நடிக்கிற எமுலேட்டர் இல்லை. விண்டோஸ் புரோகிராம் கேட்கிறதை லினக்ஸ் மொழியில் மாற்றிச் சொல்கிற துபாஷி. மைக்ரோசாஃப்டுக்குப் பழையதைத் தூக்கிச் சுமக்க எந்தக் கட்டாயமும் இல்லை. ஆதரவு முடிந்தது என்று தேதி போட்டுவிடும். வைன் எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ் 3.1 புரோகிராமும் ஒரு வாடிக்கையாளர்தான். 2018-ல் வால்வ் நிறுவனம் வைனை வைத்து புரோட்டான் என்பதை வெளியிட்டதிலிருந்து புது கேம்களுக்கும் இந்த வழி அகலமாகிவிட்டது. வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் ஓடுவது அதுதான்.

வைனில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒழுக்கம்: ஒவ்வொரு கேமுக்கும் தனித் தனி ஃபோல்டரில் தனித் தனிப் போலி விண்டோஸ் வையுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டினேன். ஒரு கேமுக்காக ஒரு செட்டிங்கை மாற்றினால் இன்னொன்று படுத்தது. தனியாக வைத்தால் ஒன்றுக்கு 'நீ விண்டோஸ் 98' என்றும் பக்கத்தில் இருப்பதற்கு 'நீ எக்ஸ்பி' என்றும் சொல்லிவிடலாம். கையால் செய்ய அலுப்பாக இருந்தால் லூட்ரிஸ் என்ற மென்பொருள் அதைச் செய்து தரும். முழுத்திரையில் முரண்டு பிடிக்கும் கேமுக்கு 800க்கு 600 அளவில் ஒரு மெய்நிகர் டெஸ்க்டாப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட சிடிகளுக்கு மட்டும் நான் வைனோடு சண்டை போடுவதில்லை. அதற்குத்தான் எக்ஸ்பி பெட்டி.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, ஜூலைக் கடைசியில், அந்தப் பையன் சாதாரணமாகக் கேட்டான்: "அக்கா கேட்டது என்ன கேம்ண்ணே?"

"பிரின்ஸ்."

"அதுக்கு எதுக்கு ஓ.எஸ்.? டாஸ்பாக்ஸ்ல போட்டா போதுமே."

டாஸ்பாக்ஸ் என்ற பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. 2002-லிருந்து இருக்கிறது. எமுலேட்டர் என்றால் டூப்ளிகேட், நிஜ மெஷின்தான் நிஜம் என்று ஒரு வறட்டு நினைப்பு. அதே விண்டோஸ் 11 லேப்டாப்பில், பத்து நிமிஷத்தில் பிரின்ஸ் ஓடியது. பென்டியம் 4-ல் எலி கத்திய இடத்தில் முழு இசை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் டாஸ்பாக்ஸ் ஒன்றுதான். ஒரு முழு டாஸ் கம்ப்யூட்டரையும், அதில் ஒரு சவுண்ட் பிளாஸ்டரையும் அதுவே நடித்துக் காட்டுகிறது. ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கேம் பறந்தாலும் தவழ்ந்தாலும் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், எஃப்12 அழுத்தி ஏற்றலாம்.

ஆடிப்பெருக்குக்கு அக்கா குடும்பத்தோடு வந்தாள். அம்மா மண்டபம் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு, மதியம் மூன்று மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவள் பையன் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். திரை வந்ததும் முதல் கேள்வி:

"என்னடா இளவரசன் குண்டாயிட்டான்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அகலத்திரை முழுவதற்கும் இழுத்து வைத்திருந்தேன். அந்தப் படம் 320க்கு 200 புள்ளி. அன்றைக்கு அதை 4க்கு 3 மானிட்டர் முழுக்க நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் உயரமாக நிற்கும். அந்தக் கணக்கில் வரைந்த ஆள் அவன். டாஸ்பாக்ஸின் செட்டிங் ஃபைலில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றி, திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டதும் பழைய ஒல்லி இளவரசன் வந்தான். அக்கா தலையாட்டினாள்.

கை மறக்கவில்லை அவளுக்கு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து முள்ளைத் தாண்டுவதும், வெட்டுக்கத்தி மேலே போகிற நொடியில் புகுவதும், நான் நாலு முறை செத்த இடங்கள். "கேம் பேருக்குப் பின்னாடி மெகாஹிட்னு போட்டா லெவல் தாண்டலாம்ல?" என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய குறுக்குவழியை எடுத்துவிட்டாள். "வேணாம், நேர்மையாவே ஆடறேன்" என்று அவளே மறுத்தும் விட்டாள். அக்கா பையன் போனைக் கீழே வைத்துவிட்டான். "இதுல செத்தா அந்த லெவலோட ஆரம்பத்துல இருந்தாம்மா?" "ஆமா. மொத்தமே ஒரு மணி நேரம்தான்." அவனால் நம்ப முடியவில்லை.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோதே பட்டியல் ஒன்றை உறையின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். டாஸ் கேம் எல்லாம் டாஸ்பாக்ஸ், எந்தக் கம்ப்யூட்டர் ஆனாலும். 1995-லிருந்து 2000 வரை உள்ளவை முதலில் லினக்ஸ், ஒத்துவராவிட்டால் விண்டோஸ் 11-ல் அந்தச் சின்ன ஃபைல்கள். பூட்டுப் போட்ட சிடியும் சத்தத்துக்காக ஆடுகிற கேமும் எக்ஸ்பி பெட்டி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு எதிரே 'புதுசா வாங்கிடு' என்று எழுதினேன். அதைப் புதுப்பித்து விற்கிறார்கள், தள்ளுபடி நாளில் ஒரு பிரியாணி விலை. ஜி.ஓ.ஜி. மாதிரி இணையக் கடைகளில் பழைய கேம் பலவும் பூட்டில்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடுகிறபடி கிடைக்கிறது. தேடுவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை பார்த்திருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட் வெயில் மிச்சம். விண்டோஸ் 98-க்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

நாலாவது லெவல். கண்ணாடி வந்து வழியை மறிக்கும் இடம். ஓடி வந்து அதற்குள் பாய்ந்தால்தான் தாண்டலாம். பாய்ந்ததும் கண்ணாடியிலிருந்து நிழல் இளவரசன் ஒருவன் எதிர்ப்பக்கம் ஓடுவான். அக்கா இரண்டடி பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது.

"ஐயோ, சேவ் பண்ணலடா!" என்று கத்தியபடி அக்கா கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். இருட்டான ஹாலில் லேப்டாப் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் இளவரசன் கண்ணாடியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.